ரிங்லெட் மழையும் மாமாவின் வேட்டை ஜாக்கெட்டும்

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை – தாப்பா, பிறகு மலைப்பாதை

கிள்ளானிலிருந்து மலேசியாவின் கேமரன் மலையில் இருக்கும் ரிங்லெட்டுக்கு, தாய்மாமா வீட்டுக்குப் புறப்பட்டேன். மாமா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போலீஸ் கொடுத்த துப்பாக்கி லைசென்சும் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் வேட்டை லைசென்சும் வைத்திருக்கிறார். காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் காய்கறித் தோட்டக்காரர்கள் கூப்பிட்டால் போவார். போன மழைக்காலத்தில் நனைந்து நனைந்தே நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அத்தை போனில் ஒரே முடிவாகச் சொன்னார்: "நீ தையக்காரி. நல்ல மழை ஜாக்கெட்டா ஒண்ணு பாத்துக் குடு. இல்லன்னா துப்பாக்கிய ஸ்டேசன்ல கொண்டுபோய் ஒப்படைச்சிருவேன்."

தங்கை வீட்டுக்காரர் ஜப்பானுக்குப் போனபோது மாமாவுக்கென்று வாங்கி வந்த ஜாக்கெட் ஒன்று காரில் இருந்தது. பளபளவென்று கறுப்பு. கழுத்துப்பட்டைச் சீட்டில் 20,000 என்று இரண்டு முறை அச்சிட்டிருந்தார்கள். ஒன்றை மட்டும் நம்பிப் போக மனமில்லாததால் தாப்பா டவுனில் ஒரு பண்டல் கடையில் நிறுத்தினேன். ஜப்பான், கொரியாவிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகள் அங்கே மலையாகக் குவிந்து கிடக்கும்.

பழைய மழை ஜாக்கெட் வாங்குகிறவர்கள் முதலில் உள்பக்கத்தைத் திருப்ப வேண்டும். உள்ளே பூசியிருக்கும் பாலியூரித்தேன் நம் ஊர் ஈரக்காற்றில் சில வருஷங்களில் சிதைந்துபோகும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் பிசுபிசுக்கும், செதில் செதிலாக உதிரும், புளித்த வாடை அடிக்கும். எடுத்ததில் பாதிக்கும் மேல் அப்படித்தான். அடியில் கிடைத்தது ஒன்று. பழுப்பும் பச்சையும் கலந்த நிறம், வெளித்துணி பிரஷ் செய்த பாலியெஸ்டர், உள்ளே மெல்லிய வலைத்துணியோடு ஒட்டிய சவ்வு. தேய்த்துப் பார்த்தேன், கையில் ஒன்றும் வரவில்லை. தையல் ஓடிய இடமெல்லாம் உள்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. வலது தோளில் மட்டும் இரண்டு விரல் நீளத்துக்கு டேப் கிளம்பியிருந்தது. முன்பு போட்டவரும் அந்தத் தோளில் துப்பாக்கி மாட்டியவராக இருக்கலாம். கடைக்காரர் 60 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார், 50க்குக் கொடுத்தார். டேப் கிளம்பிய இடத்தை அவரே காட்டிவிட்டுத்தான் காசை வாங்கினார்.

பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் இரண்டு, பருப்புக் குழம்பு, தே தாரிக். ஆறு வெள்ளிக்குள் முடிந்தது.

லாத்தா இஸ்கண்டார் தாண்டியதும் மழை பிடித்தது. இன்னும் கொஞ்சம் மேலே போனால் பாதையின் குறுக்கே மரம். இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நின்றன. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அங்கேயே. மலையிறங்கி வந்த காய்கறி லோரியின் சீனக் கிழவர் கூடையைத் திறந்து, நின்ற கார்களுக்கெல்லாம் வெள்ளரிக்காய் கொடுத்துக்கொண்டே போனார். செமாய் பழங்குடிக் கிராமத்திலிருந்து இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் ரம்பத்தோடு வந்து இறங்கினார்கள். இங்கே வழக்கமாகச் செய்வதுபோல ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருந்தார்கள், காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க. மரம் அறுக்கத் தொடங்கியதும் ஒவ்வொருவராக அதைக் கழற்றி மழை படாமல் வைத்துவிட்டு, வெறும் சட்டையில் மழையில் நின்று வேலை செய்தார்கள். அறுத்து முடித்ததும் முதல் வேலையாக உலர்ந்த ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இந்த வரிசையை மனத்தில் குறித்துக்கொண்டேன். பணம் நீட்டியவர்களிடம் யாரும் வாங்கவில்லை. ஒரு அம்மா கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள்.

நவம்பர் 15, சனிக்கிழமை – ரிங்லெட்

கேமரன் மலைக்குத் தாப்பா வழியாக ஏறுகிறவர்களுக்கு முதலில் வருகிற டவுன் ரிங்லெட். பலர் நிற்காமல் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் போய்விடுவார்கள். இங்கே ஒரு தெருவில் கடைகள், மேலே கோயில், சரிவெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். தேயிலைத் தோட்டங்களில் லயத்து வீடுகள் குறைந்துவிட்டன. கொழுந்து பறிப்பது இப்போது பெரும்பாலும் வங்காளதேசத்து, நேப்பாளத்துப் பிள்ளைகள். அத்தை அவர்களில் சிலரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், ஊறுகாய் கொடுத்தனுப்புகிறார்.

காலையில் அத்தை சுட்ட தோசைக்குக் கருவாட்டுச் சம்பல். சாப்பிட்டுக்கொண்டே மாமாவின் மழைக்கோட்டைக் கேட்டேன். கொழுந்து பறிப்பவர்கள் போடும் தடித்த மஞ்சள் பிளாஸ்டிக், 15 வெள்ளி. "இதுல ஒரு சொட்டு உள்ள வராது, தெரியுமா?" என்றார் மாமா.

சொன்னது உண்மை. உள்பக்கத்தை வெளியே திருப்பி, வாளித் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தேன். எங்கேயும் கசியவில்லை. தையலே இல்லை, சூட்டில் ஒட்டியது. பிறகு அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு மேலே இருக்கும் மேடு வரைக்கும் ஒருமுறை ஏறி இறங்கி வரச் சொன்னேன். அப்போது மழையே இல்லை. திரும்பி வந்து கழற்றியபோது உள்ளே போட்டிருந்த பருத்திச் சட்டையின் முதுகைப் பிழிந்தேன். என் கைவிரல்களுக்கிடையில் நீர் ஓடியது. அத்தை பார்த்துக்கொண்டே நின்றார். "அப்ப இவ்வளவு நாளா மழையில நனையலையா இவரு?"

மழையில் நனையவில்லை, வேர்வையில் நனைந்திருக்கிறார். மேடு ஏறும்போது உடம்பு சூடு, அதனால் தெரியாது. ஏறி முடித்து ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரும்போதுதான் அந்த ஈரம் வேலையைக் காட்டும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். பருத்தி அந்தத் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். பனி விழும் நாட்டில்தான் மனிதன் குளிரில் விறைப்பான் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நனைந்த உடம்பில் காற்று அடித்தால் 10 டிகிரிக்கு மேலேயும் விறைப்பு வரும். அறுபது தாண்டியவருக்கு இது விளையாட்டில்லை.

சாயங்காலம் பிரிஞ்சாங் பசார் மாலாமுக்கு, இரவுச் சந்தைக்குப் போனோம். ஜாக்கெட் தொங்காத கடை குறைவு. 35 வெள்ளி, 60 வெள்ளி, எல்லாம் காற்றுக்குப் போதும், மழைக்குப் போதாது. ஒன்றை எடுத்துத் தையலை உள்பக்கம் பார்த்தேன். டேப் தோளிலும் தொப்பியிலும் மட்டும், பக்கவாட்டில் இல்லை. ஊசி குத்திய ஒவ்வோர் இடமும் ஓட்டைதான், என் தொழிலில் தினமும் பார்ப்பது. நாலு மணி நேரம் மழையில் உட்காரும் ஆளுக்கு முழுத் தையலிலும் டேப் இருந்தே ஆக வேண்டும்.

கடைக்காரப் பையன் ஜாக்கெட் சீட்டில் இரண்டாக அச்சிட்டிருக்கும் எண்களைப் பற்றிக் கேட்டான், வாங்க வருகிறவர்கள் கேட்கிறார்களாம். முதல் எண், துணியின் மேல் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது கசியத் தொடங்கும் என்பது. 10,000 என்றால் பத்து மீட்டர் நீர். பையின் பட்டை தோளை அழுத்தும்போதும், ஈரத்தரையில் உட்காரும்போதும் நீர் அழுத்தி நுழையப் பார்க்கும், அதற்குத்தான் பெரிய எண். இரண்டாவது எண், ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் துணி வழியாக எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்பது. ஆனால் அது சோதனைக்கூடத்துக் கணக்கு. உள்ளே சூடும் ஈரமும், வெளியே குளிர்ந்த உலர்ந்த காற்றும் இருந்தால்தான் ஆவி வெளியே ஓடும். கிள்ளானில், 30 டிகிரியில், காற்றே ஈரமாக நிற்கும்போது எந்த விலை ஜாக்கெட்டும் அதிகம் மூச்சுவிடாது. இந்த மலையில் ஓரளவு விடும். அதனால் நம் நாட்டில் வாங்குகிறவர்கள் எண்ணுக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியை அக்குளில் ஜிப் இருக்கிறதா என்பதற்குக் கொடுக்க வேண்டும். காற்று நேராக உள்ளே வந்து போக அதுதான் வழி.

பையன் வேகவைத்த சோளத்தில் ஒன்றை நீட்டினான், காசு வேண்டாமென்று.

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை – தோட்டத்து ஓரம்

மாமா இருட்டில் துப்பாக்கியைத் தொடமாட்டார். நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் கிளம்பினோம். கைபேசி 17 டிகிரி காட்டியது. தூறல். தோட்ட முதலாளி தவுக்கேயின் சர்க்கரைவள்ளித் தோட்டம் காட்டை ஒட்டி இருக்கிறது. ஒரு பாத்தி முழுக்க உழுதுபோட்ட மாதிரி புரண்டு கிடந்தது. "எட்டு மாச உழைப்பு இல்ல, ஆனா எம் பொண்டாட்டி நட்டது" என்று தவுக்கே தமிழிலேயே சொன்னார். தோட்டத்தில் வளர்ந்தவர், அத்தையைவிடச் சுத்தமாகப் பேசுகிறார்.

2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மலேசியாவுக்குள் வந்த பிறகு காட்டுப்பன்றித் தடமே கொஞ்ச காலம் இங்கே காணவில்லை என்கிறார் மாமா. இப்போது திரும்ப வருகிறதாம். அந்த நோய் மனிதனுக்குத் தொற்றாது, ஆனால் பூட்ஸ் சேற்றில் ஒட்டிப் பண்ணைக்குப் போகும். காட்டிலிருந்து வந்ததும் பூட்ஸைக் கழுவாமல் மாமா எங்கேயும் நுழைவதில்லை.

அன்றைக்குப் போட்டுப் பார்த்தது மைத்துனர் கொடுத்த கறுப்பு ஜாக்கெட். மழையை அருமையாகத் தடுத்தது. முத்து முத்தாக உருண்டு விழுந்தது. 1969இல் பாப் கோர் என்பவர் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்துப் பார்த்து உண்டாக்கிய சவ்வு வகை அது. அதன் துளை மழைத்துளியைவிட 20,000 மடங்கு சிறியது, அதனால் நீர் நுழையாது, ஆவி நுழையும். அந்த வேலையை இது ஒழுங்காகச் செய்தது.

கொட்டகைக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். மாமா தலையில் ஆரஞ்சுத் தொப்பி, எனக்கும் ஒன்று. பன்றிக்கு அந்த நிறம் பளிச்சென்று தெரியாது, இன்னொரு வேட்டைக்காரனுக்குத் தெரியும். மழைநாளில் பழுப்பாக அசைவதையெல்லாம் பன்றி என்று நினைக்கிறவர்களும் காட்டில் இருக்கிறார்கள் என்பதால் இதில் மாமா விட்டுக்கொடுக்க மாட்டார்.

புதர் அசைந்தது. மாமா துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனார். முழங்கை மடங்கியதும் அந்தத் துணி மொறமொறவென்று, முறுக்குப் பாக்கெட்டைப் பிரிக்கிற மாதிரி சத்தம் போட்டது. தாய்ப்பன்றியின் காது எங்கள் பக்கம் திரும்பியது. பின்னால் கோடு போட்ட குட்டிகள். அப்படியே காட்டுக்குள் மறைந்தன. குட்டியோடு இருப்பதை மாமா எப்படியும் சுட்டிருக்க மாட்டார். ஆனால் விஷயம் தெளிவாகிவிட்டது. பன்றிக்குக் கண் மட்டம், காதும் மூக்கும் கூர்மை. மலையேறுகிறவர்களுக்குத் தைத்த ஜாக்கெட்டில் யாரும் சத்தத்தைக் கவனிப்பதில்லை, கவனிக்க அவர்களுக்குத் தேவையும் இல்லை. மணிக்கட்டில் வெல்க்ரோ வேறு. அதைப் பிரித்தால் கொட்டகைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும்.

தொப்பியிலும் ஒரு குறை. மாமா தலையைத் திருப்பினால் தொப்பி திரும்பவில்லை, ஒரு கண்ணை மறைத்தது. துப்பாக்கி பிடித்தவருக்குப் பக்கப் பார்வை மறைவதை நான் ஏற்கமாட்டேன்.

தவுக்கே வீட்டில் இஞ்சி தட்டிப்போட்ட, பால் ஊற்றாத தே ஓ, அவித்த சர்க்கரைவள்ளி. உள்ளே ஊதா நிறம், சூடு ஆறவே இல்லை.

நவம்பர் 17, திங்கட்கிழமை – நாள் முழுக்க மழை

மழை விடவில்லை. அடுக்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பண்டல் ஜாக்கெட்டைச் சரிசெய்தேன்.

முதலில் துவைப்பு. வெளித்துணி நீரை உருட்டாமல் குடித்துக்கொண்டிருந்தது. சவ்வு கசியாவிட்டாலும், மேல்துணி நனைந்து கனத்தால் ஆவி வெளியேற வழி அடைபடும், உள்ளே சில்லென்று ஒட்டும். போடுகிறவர் "ஒழுகுது" என்று சொல்லித் தூக்கிப்போடுவார். பல நல்ல ஜாக்கெட்டுகள் பண்டல் கடைக்கு வந்த கதை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வீரியமில்லாத திரவ சோப்பில் அலசி, சோப்பு சுத்தமாகப் போகும் வரை நீர் மாற்றினேன். வாசனை மென்மையூட்டி கூடவே கூடாது, அது நீரை உருட்டும் பூச்சைக் கெடுக்கும், அதன் மணம் பன்றி மூக்குக்கும் எட்டும். காய்ந்ததும் மெல்லிய துணி விரித்துக் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டேன். சூடு பட்டால் பழைய பூச்சு ஓரளவு மறுபடி எழுந்து நிற்கும். விரலால் நீர் தெளித்தேன். தோளிலும் முதுகிலும் உருண்டது. முழங்கையில் உருளவில்லை, அங்கே மட்டும் புதுப் பூச்சு தெளிக்க வேண்டும்.

பிறகு வலத்தோள். கிளம்பிய டேப்பை உரித்தேன். பழைய பசையை ஸ்பிரிட்டில் துடைத்தேன். கடையிலிருந்து கொண்டுவந்திருந்த டேப்பைத் தையலின் நட்டநடுவில் வைத்து, இஸ்திரிப் பெட்டியின் நுனியால் விரலளவு விரலளவாக அழுத்திக்கொண்டே போனேன். பசை உருகி ஓரத்தில் நூலளவு தெரிந்ததும் பெட்டியை எடுத்து, ஆறும் வரை கையால் அழுத்திப் பிடித்தேன். ஆறுவதற்கு முன் விட்டால் மறுபடி கிளம்பும்.

அத்தை பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பீடோர் பக்கத்துக் கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பிறந்தவர். "எங்கம்மா காலத்துல மழ பேஞ்சா பால் வெட்டு கெடையாது. கோப்பையில தண்ணி ரொம்பிடும், பால் வீணு. அன்னிக்குக் கூலியும் கெடையாது. வானத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க" என்றார். நவீன மழைக்கோட்டுக்குப் பெயர் வாங்கித் தந்ததும் ரப்பர்தான். ஸ்காட்லாந்துக்காரர் சார்ல்ஸ் மெக்கின்டாஷ் 1823இல் இரண்டு துணிக்கு நடுவே ரப்பரைப் பூசிக் காப்புரிமை வாங்கினார். அந்தக் கித்தா மரக் கன்றுகள் மலாயாவுக்கு வந்தது 1877இல், கோலகங்சாரில் நட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை தலைமுறை நம் ஆட்கள் அந்த மரத்தைக் கீறினார்கள்! அத்தையின் அம்மா மழைக்குப் போர்த்தியது உரச்சாக்கு. எனக்கு இதைக் கேட்கக் கோபமாகத்தான் இருந்தது. அத்தைக்கு இல்லை, அவர் கீரையை அலசப் போய்விட்டார்.

மாமாவுக்கு ஒரு துரையின் ஞாபகம். மெழுகு பூசிய பருத்திக் கோட்டு போட்டுக்கொண்டு வருவாராம், சத்தமே கேட்காதாம், அப்படி ஒன்று கிடைக்குமா என்றார். இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸ் ஊரில் 1894இல் தொடங்கிய பார்பர் கம்பெனி அந்த வகைக்குப் பேர்போனது. முள்ளில் கிழியாது, ஓசையும் குறைவு. ஆனால் கனம், இந்த ஈரத்தில் அலமாரியில் வைத்தால் பூஞ்சணம் பூக்கும், வருஷாவருஷம் மெழுகு தடவ வேண்டும். வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் மிளகு ரசம், கீரை, பொரித்த நெத்திலி. மின்சாரம் போய்விட்டு வந்தது.

கடைசியாக அளவு. ஜாக்கெட்டை வெறுமனே நின்றபடி போட்டுப் பார்த்து வாங்குவது வேட்டைக்கு உதவாது. உள்ளே கம்பளிச் சட்டையைப் போடச் சொல்லி, துப்பாக்கியை உயர்த்துகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். கீழ்விளிம்பு இடுப்புக்கு மேல் ஏறவில்லை. குந்தி உட்காரும்போது முழங்காலில் இடிக்கவில்லை. கையை நீட்டினால் மணிக்கட்டு தெரிந்தது, அதற்கு மட்டும் உள்ளே இழைப்பட்டை வைத்துத் தைத்தேன். மேல்துணியில் ஊசி படாமல் உள்மடிப்பில் மட்டும். மணிக்கட்டுக்கு பட்டன்தான், வெல்க்ரோ இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை – மறுபடி தோட்டம், கிள்ளான் திரும்புதல்

செமாய் இளைஞர்கள் செய்ததையே மாமாவிடம் செய்யச் சொன்னேன். மேட்டில் ஏறும்போது மெல்லிய சட்டை மட்டும், ஜாக்கெட் முதுகுப் பையில். தூறலில் நனைந்தாலும் பரவாயில்லை. கொட்டகைக்கு வந்ததும் ஈரச்சட்டையைக் கழற்றி உடம்பைத் துடைத்து, கம்பளிச் சட்டை, அதன்மேல் ஜாக்கெட். கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூட்டை விடாது. "மழ பெய்யறப்ப ஜாக்கெட்ட பையில வெக்கச் சொல்றியேம்மா" என்று முனகினார், ஆனால் செய்தார்.

மழை வலுத்தது. காற்று சரிவிலிருந்து எங்கள் பக்கம் அடித்தது, அதனால் எங்கள் வாடை காட்டுக்குள் போகவில்லை. அரை மணி கழித்து அக்குள் ஜிப்பை ஒரு சாண் திறந்துவிட்டார். நானாகச் சொல்லவில்லை.

தனி ஆண்பன்றி ஒன்று வந்தது. கையை உயர்த்தினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். துணியிலிருந்து ஓசையே வரவில்லை. ஒரே வெடி, பாத்தியைத் தாண்டி நாலு அடியில் விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் பார்த்தது இறைச்சியை இல்லை, கம்பளிச் சட்டையை. முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு, லேசான ஈரம், பிழிய ஒன்றுமில்லை. வலத்தோள் டேப் அப்படியே இருந்தது. முழங்கையில்தான் மேல்துணி நனைந்திருந்தது, எதிர்பார்த்ததுதான்.

தவுக்கேக்குப் பாதி, அக்கம்பக்கத்துக்குக் கொஞ்சம், மீதியை அத்தை பிரட்டல் செய்தார். மிளகும் சோம்பும் தூக்கல், தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை. காட்டுப்பன்றிக்கு நேரம் கொடுக்க வேண்டும், அவசரப்பட்டால் நார் நாராக இருக்கும். நல்ல வேளையாக எனக்கும் அவசரமில்லை.

கறுப்பு ஜாக்கெட்டை அத்தை எடுத்துக்கொண்டார், கோயிலுக்கும் பசாருக்கும் போக. பண்டல் ஜாக்கெட்டை அடுப்புப் புகை படாத பின்னறையில், மடிக்காமல் ஹேங்கரில் மாட்டச் சொல்லியிருக்கிறேன். மடித்து வைத்தால் மடிப்பில்தான் சவ்வு முதலில் விடும். புறப்படும்போது மாமாவோடு வேட்டைக்குப் போகும் கூட்டாளிகள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள், தாப்பா கடையில் இன்னும் கிடைக்குமா என்று கேட்டு. கையை உயர்த்தச் சொல்லி அளவெடுத்துக்கொண்டேன்: ஒருவருக்கு மார்பு 42, இன்னொருவருக்கு 46. வழியில் அந்தத் துணி மலையை மறுபடி கிளற வேண்டும்.